முதல் வீணை

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கருத்து)

"கிடார் வாசிக்கிறவனுக்கு வீணை எதற்கு?"

இந்தக் கேள்வியை ஓராண்டாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. வகுப்பு நண்பர்கள் கேட்டார்கள். தேரடி வீதித் தேநீர்க் கடையில் கேட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து வரும் வழியில் பேருந்து நடத்துநர்கூடக் கேட்டார். எல்லோருக்கும் தனித்தனியே பதில் சொல்லி முடியவில்லை. ஆகவே, மலரின் ஆசிரியர் குழு கட்டுரை கேட்டபோது, எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

பதிலோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கைப்பொருள் குறைந்த மாணவன் தன் முதல் வீணையை எப்படி வாங்கக் கூடாது என்பதை நான் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றேன். அந்தப் பாடத்தை நண்பர்கள் இந்த மலரின் விலைக்கே பெற்றுக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம்.

கிடார் வந்த கதை

நம் ஊருக்கு ஆண்டு முழுதும் வெளிநாட்டார் வருகிறார்கள். மலையைச் சுற்றுகிறார்கள், ஆசிரமங்களில் தங்குகிறார்கள், ஊர் திரும்பும்போது மிதிவண்டி, அடுப்பு, புத்தகம் என்று சுமக்க முடியாதவற்றை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்படிப் போன ஒருவரிடமிருந்து, நான் மேனிலைப் பள்ளியில் படிக்கும்போது, ஒரு கிடார் என் கைக்கு வந்தது. நைலான் தந்தி பூட்டிய, 'கிளாசிக்கல்' என்று சொல்லப்படும் கிடார். ஊருக்குப் புறப்படும் முன் அவரே பத்து நாள் உட்கார்ந்து விரல் பழக்கமும் சொல்லிக்கொடுத்தார். மிச்சத்தைக் கைபேசியில் பார்த்தும், குறிப்புகளைப் படித்தும் கற்றேன். இளையராஜா அவர்கள் கிளாசிக்கல் கிடார் பயின்று டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வு எழுதியவர் என்று யாரோ சொல்ல, அந்த உற்சாகத்தில் நான்கு ஆண்டுகள் ஓடின.

கல்லூரிக்கு வந்த முதலாண்டு நவராத்திரியில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக் கொலுவில் வீணை கேட்டேன். அவர் வாசித்தது ஒரு தந்தியில், ஒரு மெட்டில்தான். அந்த ஒரு மெட்டிலிருந்து தந்தியை இழுத்து அவர் மூன்று நான்கு சுரங்களைத் தொட்டு வந்தார். ஆறு தந்திகளில் நான் அடுக்கி அடுக்கிச் செய்ததை ஒரு தந்தியின் இழுப்பு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அன்றிரவு வீட்டுக்கு வந்து கிடாரில் அதே இழுப்பை முயன்றேன். தந்தி சற்றே முனகிவிட்டு நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதை எங்கள் ஆய்வகத்துச் சுரமானியே சொல்லும். தந்தியின் நீளம் குறைந்தால் சுருதி ஏறும். இழுவிசை கூடினாலும் ஏறும். கிடார் கலைஞன் பெரும்பாலும் நீளத்தை மாற்றியே சுரம் பெறுகிறான். வீணைக் கலைஞன் மெட்டை மாற்றி நீளத்தை மாற்றுகிறான். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து விசையையும் மாற்றுகிறான். கமகம் என்பது இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது. அதற்காகவே வீணையின் மெட்டுகள் உயர்ந்து நிற்கின்றன. கிடாரின் மெட்டுகளோ கழுத்துப் பலகையோடு ஒட்டிக் கிடக்கின்றன. நைலான் தந்தியும் எஃகுத் தந்தியைப் போல் இழுத்த இழுப்புக்குச் சுருதி ஏறாது. கருவி செய்த நோக்கமே வேறு.

ஒரு நியாயமான மறுப்பு

"ஏன், கிடாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார்களே?" என்று என் நண்பன் ஒருவன் வாதாடினான். உண்மைதான். சுகுமார் பிரசாத் மின்கிடாரில் வாசித்துக் காட்டினார். அவருக்குப் பின் பிரசன்னா வந்தார். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சிறுவனாக இருக்கும்போதே, யாரும் எதிர்பாராத ஒரு கருவியில் முழுக் கச்சேரி செய்து மூத்தவர்களை வியக்க வைத்தார். ஆனால் அவர் மாண்டலினை இருந்தபடியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதை மறக்கக் கூடாது. இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி பூட்டும் கருவியில் ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி பூட்டி, மின்சாரத்தின் துணையையும் சேர்த்து, தம் இசைக்கு அதை வளைத்தார். அது மேதையின் வழி. கருவியை மாற்றியமைக்கும் அளவுக்கு இசை தெரிந்தவர்கள் அப்படிச் செய்யலாம். இசையே இனிமேல்தான் கற்க வேண்டும் என்றிருக்கும் என்னைப் போன்றவனுக்கு, அந்த இசைக்கென்றே பிறந்த கருவியிடம் போய் உட்காருவதே எளிய வழி என்பது என் கருத்து.

மேலை நாட்டிலும் இதே சிக்கல் ஒரு காலத்தில் எழுந்தது. அங்கே லூட் என்றொரு பழைய நரம்புக் கருவி உண்டு. பாதி பேரிக்காய் போல் வயிறு வைத்தது. இருநூறு ஆண்டுக் காலம் வழக்கொழிந்து கிடந்த அதை, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் இங்கிலாந்தின் கிடார் மேதை ஜூலியன் பிரீம் (1933–2020) முக்கியமானவர். அக்காலத்தில் லூட்டுக்கு வந்த கிடார்க்காரர்கள் பலர் தங்களுக்குப் பழகிய கருவியையே அதில் தேடினார்கள். கனமான உடல், அசையாத உலோக மெட்டு, நல்ல முறுக்கான தந்தி என்று கேட்டுச் செய்வித்தார்கள். பின்னால் வந்த கைவினைஞர்கள் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய லூட்டுகளை அளந்து பார்த்தார்கள். அவை காகிதம் போல் லேசானவை; மெட்டுகள் கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புகள்; தேவைக்கேற்ப நகர்த்தலாம். அந்த அளவில் செய்த பிறகுதான் கருவியின் சொந்தக் குரல் வெளிவந்தது.

இதை நான் வீணை வாங்கப் போவதற்கு முன்பு படித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்! நானும் கிடார்க்காரன் கண்ணோடுதான் வீணையைப் பார்த்தேன்.

செய்த தவறு

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் என் மாமா நீர்மோர்க் கடை போடுவார். பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்துச் சேர்த்த பணம் எட்டாயிரம் என்னிடம் இருந்தது. அப்பா ஆறாயிரம் கொடுத்தார். எங்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டையில் ஏறக்குறைய ஒரு மூட்டை விற்ற பணம் அது. பதினான்காயிரத்தோடு, ஒருவரையும் கேட்காமல், ஒருவரையும் உடன் அழைக்காமல், ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஏமாந்ததில் என் பங்கு பெரிது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வீணை மின்னிக்கொண்டிருந்தது. குடத்தைச் சுற்றிப் பூ வேலைப்பாடு, யாளி முகத்தில் தங்க வண்ணம், கண்ணாடி போல் மெருகு. கிடாரைப் போலவே எல்லாம் வழவழப்பாக இருந்தது எனக்குப் பிடித்துவிட்டது. மெட்டுகள் நேராகத்தான் தெரிந்தன. இரண்டு தந்தியைத் தட்டிப் பார்த்தேன், ஒலி வந்தது. வாங்கிவிட்டேன்.

சித்திரை பிறந்தது. எங்கள் வீடு தகரக் கூரை. ஒரு பிற்பகலில் கல்லூரியிலிருந்து வந்து உறையைக் கழற்றினால், மேல் மெட்டுகள் இரண்டு சாய்ந்து கிடக்கின்றன. மெழுகு இளகி விரலில் ஒட்டுகிறது. குடமும் தண்டியும் சேருமிடத்தில் மயிரிழை போல் ஒரு விரிசல். கொலுவில் வாசித்த அந்த ஆசிரியை அம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தந்திகளைத் தளர்த்தி, குதிரையைப் பார்த்து, பன்னிரண்டாம் மெட்டில் ஒருமுறை மீட்டி, சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"தம்பி, இது வாசிக்கச் செஞ்ச வீணை இல்லப்பா. கூடத்துல வைக்கச் செஞ்சது" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் தகரத்துக்குக் கீழே வெச்சிருக்கக் கூடாது. நல்ல மெழுகே அங்க தாங்காது" என்றும் சொன்னார்.

செப்பனிடக் கேட்ட கூலி வீணையின் விலையை நெருங்கியது. கடைசியில் ஓர் அலங்காரப் பொருள் வியாபாரி நாலாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அது இப்போது எந்தத் தங்கும் விடுதியின் முன்கூடத்தில் நிற்கிறதோ, நான் அறியேன். பத்தாயிரம் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீணையின் உடற்கூறு

அடுத்த ஆறு மாதம் அந்த அம்மாவின் வீட்டில், அவருடைய வீணையிலேயே கற்றேன். முதலில் கற்றிருக்க வேண்டியதும் அதுதான். அப்போதுதான் வீணை என்றால் என்னவென்று தெரிந்தது.

இன்று நாம் காணும் தஞ்சாவூர் வீணையின் வடிவம் பதினேழாம் நூற்றாண்டில், இரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்று கூறுவர். இருபத்து நான்கு மெட்டுகள். ஒரு தந்தியில் இரண்டு ஸ்தாயி. பலா மரத்தில் குடைந்த குடமும் தண்டியும். குடம், தண்டி, தலைப்பகுதி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை; தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. வாசிக்கும் தந்தி நான்கு. சாரணி மத்திய ஸ்தாயி ஸட்ஜம். அதற்குக் கீழே பஞ்சமம். அதற்கும் கீழே மந்தர ஸட்ஜம். கடைசியில் அனுமந்தரப் பஞ்சமம். பக்கவாட்டில் தாளத்துக்கென மூன்று தந்தி. இந்தத் தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிடார்க்காரனுக்கு இதில் தலைகீழாகும் செய்திகள் பல. கிடாரில் வலக்கை விரல்கள் தந்தியை உள்ளங்கையை நோக்கி மேலே இழுக்கும். வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழ்நோக்கி மீட்டும். கிடாரில் பாதி வேலை கட்டைவிரலுக்கு. வீணையில் அதற்கு வேலையே இல்லை. சும்மா இருக்கும் என்று நாம் நினைக்கும் சுண்டுவிரல் தாளம் போடும். கிடாரில் இடக்கையின் நான்கு விரல்களும் நான்கு மூலைக்கு ஓடும். வீணையில் இரண்டே விரல்கள், அவையும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். எஃகுத் தந்தி அந்த விரல்களில் பள்ளம் பறிக்கும். அதனால்தான் எண்ணெய் தோய்த்த பஞ்சு பக்கத்திலேயே இருக்கிறது. முதல் மாதம் என் கை எனக்குச் சொந்தமில்லை போல் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நானும் வீணையைக் குறை சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே, "கூடம் நேராத்தாம்பா இருக்குது" என்றார்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளித்தது மெழுகு. கிடாரின் மெட்டுகள் தொழிற்சாலையில் கணக்குப் போட்டு அறையப்படுபவை. பாலத்திலிருந்து எஞ்சியுள்ள நீளத்தை ஏறக்குறைய 17.8 ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம் வந்துவிடும். வீணையிலோ, தண்டியின் மேல் இருபுறமும் தேன்மெழுகும் கரியும் கலந்து மேடை அமைத்து, அதில் மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நிறுத்துகிறார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். கணக்கும் காதும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஆனால் உயரமான மெட்டில் அழுத்தும்போது தந்தி சற்று இறுகுமல்லவா, அந்தச் சிறு பிழையைக் காது திருத்திக்கொள்கிறது. மெழுகு நாள்பட்டால் வெடிக்கும், வெயிலில் இளகும். அப்போது மேளத்தைக் கலைத்து மீண்டும் கட்டலாம். கிடார்க்காரன் இதைக் குறை என்பான், நானும் சொன்னேன். இப்போது அதுவே எனக்குப் பெரிய வசதியாகத் தெரிகிறது. மேளம் பழுதான பழைய வீணையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மரம் நன்றாக இருந்தால் போதும்.

அப்பாவும் வீணையும்

ஆறு மாதத்தில் மோர்க் கடையில் மேலும் ஏழாயிரம் சேர்ந்தது. மிஞ்சிய நாலாயிரத்தோடு பதினோராயிரம். அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. ஐந்தாயிரத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ நானும் வரேன்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு ஸ ரி க ம தெரியாது. தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் முப்பது ஆண்டுகளாக மாடு பிடித்த அனுபவம் ஒன்றுதான் அவருடைய முதலீடு. தஞ்சாவூரில் வீணை செய்பவர் ஒருவரின் பட்டறையில் போய் நின்றோம். அறுத்த பலாமரம் மஞ்சளாய்க் கிடந்தது. ஏகாந்த வீணையின் விலையைக் கேட்டுவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர், ஒரு குடும்பத்தார் விற்கச் சொல்லி விட்டுச் சென்ற பழைய ஒட்டு வீணை ஒன்றை எடுத்து வைத்தார். வேலைப்பாடு அதிகம் இல்லை. மெருகு மங்கியிருந்தது. என் கண் மறுபடியும் மூலையில் மின்னிய ஒன்றுக்குப் போயிற்று.

அப்பா என் காதில் சொன்னார்: "மாடு வாங்கும்போது கொம்புக்கு அடிச்ச சாயத்தப் பாத்தாடா வாங்குவோம்?"

பிறகு அவரே தரையில் உட்கார்ந்துவிட்டார். குடத்தை விரல் முட்டியால் சுற்றிலும் தட்டினார். எங்கேயாவது ஒலி செத்துப்போகிறதா என்று கேட்டார். யாளிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஏர்க்காலின் வளைவைப் பார்ப்பது போல் தண்டியின் நேர் பார்த்தார். மூட்டில் நகத்தை ஓட்டினார். "முன்னே வாங்குன வீணையில இங்கதான உட்டுப்போச்சு?" என்றார். அவர் அந்த விரிசலை அன்று கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மரத்தை அவர் பார்த்தார். இசையை நான் பார்த்தேன். அம்மா சொல்லிக்கொடுத்தபடி, முதலில் பிரடைகளைத் திருகி, விட்ட இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். தந்தியை வெறுமே மீட்டி, பின் பன்னிரண்டாம் மெட்டில் மீட்டி, மேல் ஸட்ஜம் சரியாக விழுகிறதா என்று கேட்டேன். தந்தியின் சரிபாதி அந்த இடம். இருபத்து நான்காம் மெட்டில் கால்பங்கு நீளமே எஞ்சும். அங்கே அடுத்த ஸட்ஜம் விழ வேண்டும். இரண்டும் சரியானால் இடையில் உள்ளவை பெரும்பாலும் சரியாக இருக்கும். நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்திக்கொண்டே போய், எங்காவது தந்தி அடுத்த மெட்டில் பட்டு இரைகிறதா என்று கேட்டேன். நடுவிலுள்ள ஒரு மெட்டில் தந்தியை மூன்று சுரத்துக்கு இழுத்தேன். நழுவவில்லை, அடைக்கவும் இல்லை. கடைசியாக மந்தரத்தை ஒருமுறை மீட்டிவிட்டு, மூவரும் பேசாமல் இருந்தோம். கூடத்தில் வைக்கச் செய்த என் பழைய வீணையில் அந்த ஒலி கையை எடுத்ததும் இறங்கிவிடும். இதில் நெடுநேரம் நின்று, மெல்லத்தான் அடங்கியது. குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டைச் சமன் செய்வதில்தான் அந்த நாதம் இருக்கிறது என்றார் பட்டறைக்காரர்.

அவர் புதிதாக மேளம் கட்டித் தர, பதினாறாயிரத்துக்கு முடிந்தது. பேருந்தில் வீணைக்கு இடம் கிடைக்கவில்லை. விழுப்புரம் வரை அப்பா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடத்துநர் சுமைக் கட்டணம் கேட்டபோது, "இது சுமை இல்லீங்க" என்றார். கட்டணத்தையும் கொடுத்துவிட்டார்.

வாங்குவோருக்குச் சில சொற்கள்

என் அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை சிலவே.

முதலாவது, வீணை வாங்குவதற்கு முன் வீணை கற்க வேண்டும். ஆறு மாதமாவது ஆசிரியரின் கருவியில் உட்காருங்கள். வீணை எஸ். பாலசந்தர் (1927–1990) குருவின்றித் தாமே கற்றவர் அல்லவா என்று கேட்கலாம். அவர் சிறு வயதிலேயே பல கருவிகளை வாசித்தவர். 'அந்த நாள்' (1954) போன்ற படத்தை இயக்கவும் துணிந்தவர். விதிவிலக்கை விதியாகக் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, முதல் வீணை ஏகாந்தமாக இருக்க வேண்டியதில்லை. நல்ல ஒட்டு வீணை, மோசமான ஏகாந்தத்தைவிட மேல். வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு காதுக்கு வந்து சேருவதில்லை.

மூன்றாவது, பழைய வீணையைத் தேடுங்கள். நம் ஊரிலேயே எத்தனை வீடுகளில், பாட்டியோ அத்தையோ வாசித்த வீணை பரண்மேல் உறையோடு கிடக்கிறது! மரம் பழுதில்லை என்றால், மேளம் கட்டித் தந்தி மாற்றினால் அது மீண்டும் பேசும்.

நான்காவது, விடுதி அறையில் இடமில்லாதவர்கள் கழற்றி மாட்டக்கூடிய வகையையும், மின்விசை வீணையையும் எண்ணிப் பார்க்கலாம். பயிற்சிக்கு அவை போதும். ஆனால் மரத்தின் நாதத்தை ஒருமுறையாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, கிடாரை விற்றுவிடாதீர்கள். நான் இன்றும் வாசிக்கிறேன். வீணை கற்ற பிறகு கிடாரில் ஒரு சுரத்தை அவசரமின்றி நிற்கவிடக் கற்றிருக்கிறேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

வீணை யாருடையது?

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய உண்மையான காரணத்துக்கு இப்போது வருகிறேன். "உங்க வீட்டுல வீணையா?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. மல்லாட்டை விளைவிக்கிற வீட்டில், தகரக் கூரையின் கீழ் வீணை இருப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. வீணை சில வீடுகளின் பொருள், சில தெருக்களின் பொருள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. அந்த எண்ணம் இருக்கும்வரை நம் கல்லூரி மாணவன் அந்தக் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பான். வாங்கினாலும் என்னைப் போல் ஏமாந்துதான் வாங்குவான். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லையே!

ஆனால் தமிழ்நாட்டில் நரம்புக் கருவியை முதலில் தோளில் சுமந்தவர்கள் யார்? பாணர்கள். ஊர் ஊராக நடந்தவர்கள். பல நாள் பசித்தவர்கள். அவர்கள் சுமந்த யாழின் அளவைக் கொண்டே சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்று இரண்டு பாட்டுகளுக்குப் பெயர் வந்தது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் பலவகை இசைக்கருவிகளையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு மலைவழியே நடக்கும் கூத்தர்கள் தேடிப் போகும் நன்னனின் ஊர், செங்கண்மா. இன்றைய செங்கம் அது. நம் மாவட்டத்து மண்ணில்தான் அந்த யாழ் நடந்து போயிற்று. யாழ் வேறு, இன்றைய வீணை வேறு என்பதை நான் அறிவேன். யாழில் சுரத்துக்கு ஒரு நரம்பு, வீணையில் ஒரு தந்திக்குள் பல சுரம். விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியான தம் 'யாழ் நூல்' மூலம் அந்தப் பழைய கருவியின் இலக்கணத்தை மீட்க முயன்றார். கருவி மாறினாலும், அது ஏழை வீட்டுக்கு அந்நியமன்று என்ற செய்தி மாறவில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசித்தவர். பஞ்சபூதத் தலங்களைப் பாடிய அவர் நம் அருணாசலத்தைச் சாரங்க ராகத்தில் பாடினார். அந்தக் கீர்த்தனையைத் தலம் இருக்கும் ஊரின் அரசுக் கல்லூரியில் ஒரு மாணவன் வீணையில் வாசிக்க வேண்டும் என்பது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. நம் நுண்கலை மன்றத்துக்கு ஒரு வீணை வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. பரணில் வீணை வைத்திருப்பவர்கள் நம் பழைய மாணவர்களிலும் ஊர்ப் பெரியவர்களிலும் இருப்பார்கள். கேட்டால் ஒருவராவது கொடுப்பார். மேளம் கட்டும் செலவை மன்றம் ஏற்கலாம். நூலகத்தில் புத்தகம் தருவது போல், கற்க விரும்பும் மாணவருக்கு ஒரு பருவம் அதைக் கொடுத்து வாங்கலாம். ஒரு வீணை இருந்தால் ஆண்டுக்கு இரண்டு பேர் கற்கலாம். அவர்களில் ஒருவர் தமக்கென வீணை வாங்கப் போகும் நாளில், எதைத் தட்டிப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து போவார்.

வெயிலில் வைக்கக் கூடாது, தகரத்தின் கீழ் வைக்கவே கூடாது என்ற பாடத்தை நான் இலவசமாகச் சொல்லித் தருகிறேன். எங்கள் வீட்டு வீணை இப்போது நெல் குதிருக்குப் பக்கத்தில், வெயில் படாத மூலையில், அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு இருக்கிறது. மாலையில் நான் வரத் தாமதமானால் அப்பாவே வேட்டியை விலக்கி, மந்தரத் தந்தியை ஒருமுறை மீட்டி, அது அடங்கும்வரை கேட்டுவிட்டு மூடி வைப்பாராம். அம்மா சொன்னார். நான் கேட்டதாக அவரிடம் சொல்லவில்லை.